வினைக்கொள்கையும் இரக்கமும்

சிவமயம்

உலகின்கண் நன்மையும் தீமையும் விரவியே காணப்படுகின்றன. நன்மை வந்துழி அதன் காரணத்தை ஆராய்வார் மிகச் சிலர். தீமை வந்துழி, 'இஃது எற்றுக்கு வந்தது?' என்று வினாவாதார் ஒருவருமிலர். இவ்வினாவிற்கு விடை கூறாத சமயமும் இல்லை. ஆயினும் இதனோடு உடன்பிறந்த வினா மற்றொன்றும் உண்டு. 'துன்புறுவானைக் கண்டவழிக் கண்டவன் செயற்பாலது யாது?' என்பதே அது. முன்னையது அறிவைப் பற்றியது. பின்னையது ஒழுக்கத்தைப் பற்றியது. முன்னையதற்கு நேரிய விடை கண்டோர் பின்னையதில் வழுவுதலும், முன்னையதில் தடுமாறுவோர் பின்னையதிற் சிறந்து நிற்றலும் உலகியலிற் கண்கூடு.

கிறித்து சமயத்தார் சைவர்மீது நெடுங்காலமாகச் சாற்றிவரும் குற்றம் ஒன்று இவ்விடத்தே எழுகின்றது. 'வினைக்கொள்கை நெஞ்சைக் கல்லாக்கும். அவனவன் வினையை அவனவன் நுகர்கின்றான் என்று கருதுவான் பிறர்க்கு இரங்கான்' என்பது அவர் கூற்று. இதனை வெகுளியின்றி ஆராய்தல் சைவ நன்மக்கட்குக் கடனாம். குற்றம் பொய்யாயின் அதனை மறுத்தல் எளிது. அதன்கண் மெய் சிறிதேனும் உளதாயின், அது கொள்கையின் பிழையோ கொண்டாரின் பிழையோ என்று தெளிதல் வேண்டும்.

விருதுநகரினின்றும் அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ளது பாலவனத்தம். 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் (1867–1911) அவ்வூர்க்கு ஜமீன்தாராய் விளங்கியவர். அவர்தம் தந்தையார் பொன்னுச்சாமித் தேவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை ஆதரித்த புரவலர். அந்நாட்டிலேயே சுந்தரமூர்த்தி நாயனாரது பதிகம் பெற்ற திருச்சுழியல் உள்ளது. ஊழிவெள்ளம் பெருகி வந்தபொழுது இறைவன் அதனைச் சுழித்து நிலத்தினுட் புகச் செய்து உயிர்களைக் காத்தான் என்பது அத்தலத்தின் வரலாறு. வெள்ளத்தைத் தடுத்த பெருமான் எழுந்தருளிய அந்நாட்டிலே, மக்கள் நாடோறும் ஏங்கி நிற்பது நீருக்கே. கரிசல் நிலம், வானம் பார்த்த பூமி, ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தாற் கண்மாய் நிறையும், பெய்யாவிடிற் கம்பும் சோளமும் பருத்தியும் ஒருங்கே கருகும்.

இத்தகைய நாட்டில் தீமை என்பது ஏட்டின்கண் மாத்திரம் காணப்படும் சொல்லன்று. விதைத்தபின் மழை பொய்த்தலும், பருத்தி வெடிக்குங்கால் அது வேண்டாது வந்து பெய்தலும், ஈன்ற பசு நோயுற்று வீழ்தலும், பச்சிளங்குழவி காய்ச்சலால் துவளுதலும் ஒருவகைத் தீமை. கண்மாய் மடையை இரவில் அயலான் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளுதலும், பருத்தி நிறுக்குந் தராசில் வியாபாரி விரல் வைத்தலும், பஞ்ச காலத்தில் வட்டியை உயர்த்துதலும், உடன்பிறந்தார் பாகத்தை உடன்பிறந்தாரே கவர்தலும் மற்றொரு வகைத் தீமை. முன்னவை இயற்கையால் வருவன. பின்னவை மக்களால் வருவன. இவ்விரண்டற்கும் ஒருங்கே காரணங் கூறவல்ல சமயமே தீமையை ஆராய்ந்த சமயமாகும்.

இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியத் துறவி 1606-ஆம் ஆண்டில் மதுரையை அடைந்தார். அக்காலந்தொட்டுத் தென்பாண்டி நாட்டிற் சைவரும் கிறித்தவரும் அணித்தணித்தே வாழ்ந்துவருகின்றனர். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியர் மறுத்த புறச்சமயங்களுட் கிறித்து சமயம் இல்லை; பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதனோடு வாதிடும் தேவை அவர்க்கு நேர்ந்திலது. ஆதலின் பிற்காலத்துச் சைவர் இதனைத் தாமே ஆராய்ந்து காண வேண்டியவராயினர். ஒரு கொள்கையை மறுக்கப் புகுவார் முதற்கண் அதனை அச்சமயத்தார் ஏற்குமாறு உள்ளவாறே எடுத்துரைத்தல் வாதநெறி. அந்நெறியே ஈண்டும் கொள்ளப்படும்.

கிறித்து சமயத்தின்படி இறைவன் ஒருவன், எல்லாம் வல்லவன், பேரன்பினன். அவன் உலகத்தையும் உயிர்களையும் இன்மையினின்றும் படைத்தான். அவன் படைத்தன யாவும் நல்லன. அங்ஙனமாயின் தீமை எங்ஙனம் புகுந்தது? உயிர்க்கு அவன் அளித்த உரிமையை அஃது தவறாகப் பயன்படுத்தியதனாற் புகுந்தது என்பது ஒரு விடை. முதல் மனிதனாகிய ஆதாமின் மீறுதல் வழிவழியாக மக்களைத் தொடர்கின்றது என்பது அதனோடு இயைந்த விடை. முதிராத உயிரைத் துன்பம் பக்குவப்படுத்துகின்றது என்று இரேனியு என்னும் பண்டைச் சமய ஆசிரியர் வழிவந்தோர் கூறுவர். இறைவனது திருவுள்ளம் மனிதனால் அளத்தற்கரியது என்று அடங்குவாரும் உளர். இவை யாவற்றிற்கும் மேலாக, இறைவன் துன்பத்தைப் புறத்தே நின்று நோக்கியிராது, தானே மனிதனாய் வந்து சிலுவையில் அதனை ஏற்றான் என்பதே அச்சமயத்தாரின் உள்ளத்தைப் பிணிக்கும் விடையாம்.

இவ்வாராய்ச்சியில் அவர்களுட் தலைசிறந்தவர் அகுஸ்தீன் (354–430). அவர் இளமையில் மானியின் மதத்தைத் தழுவியிருந்தார். ஒளி, இருள் என இரண்டு தலைமைப் பொருள்கள் அநாதியே போர் புரிகின்றன என்பது அம்மதம். பின்னர் அதனைத் துறந்து, தீமை என்பது தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே தீமை என்று நிறுவினார். கண்ணுக்குக் குருடு எத்தகையதோ உயிர்க்குத் தீமை அத்தகையது என்பது அவர் கருத்தின் சாரம். இறைவன் தீமையைப் படைத்தான் என்னும் பழியினின்றும் நீங்குதற்கு அவர் கண்ட வழி இது.

அவ்வாசிரியரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். இளமையில் தோழரோடு கூடி அயலான் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியினால் அன்று, அதனினும் நல்ல கனிகள் அவரிடமே இருந்தன. பறித்தவற்றுட் பெரும்பாலனவற்றைப் பன்றிகட்கு எறிந்தனர். தகாதது செய்தலிலே பிறந்த களிப்பே அக்களவிற்குக் காரணம் என்று அவர் நெஞ்சறிய உரைக்கின்றார். கொலையையும் போரையும் விடுத்து இச்சிறு களவைப் பல பக்கங்களில் அவர் ஆராய்ந்தது வியக்கற்பாலது. தீமையின் வேர் நாடோறும் நிகழும் சிறு செயல்களிலேதான் வெளிப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயின் அந்நிகழ்ச்சியே அவர்தம் கொள்கைக்கு இடர் விளைக்கின்றது. தீமை வெறுங் குறைவே ஆயின், குறைவின்கண் களிப்பு எங்ஙனம் தோன்றும்? உணவின் குறைவு பசியைத் தரும், களிப்பைத் தராது. மடையை இரவில் திறப்பவன் நீர் பெற்றதற்கு மாத்திரம் மகிழ்கின்றானல்லன். அயலான் இழந்ததற்கும் மகிழ்கின்றான். நன்மையை விரும்பியும் அதனைச் செய்யமாட்டாது, வெறுத்த தீமையையே தாம் செய்வதாகப் பவுல் அடிகளும் தம் திருமுகத்தில் வருந்துகின்றார். செய்யவொட்டாது தடுப்பது ஒன்று உள்ளே உண்டு என்பதற்கு இவ்விருவரும் கரியாவர். அதனையே சைவ சித்தாந்தம் ஆணவமலம் என்று பெயரிட்டு உரைக்கின்றது.

ஆணவம் இன்மையன்று, உள்பொருள். செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றியது. புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைக்கும் என்று உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கினார். தான் செய்வது தீமை என்று தீமை செய்வான் உணராமைக்குக் காரணம் இதுவே. இதனால் சித்தாந்தம் மானியின் இருமைக் கொள்கையாகிவிடாதோ எனின், ஆகாது என்க. மானியின் இருள் அறிவுடையதாய் இறைவனோடு பொருவது. ஆணவமோ சடம், இறைவனுக்குப் பகையாதற்கும் ஆற்றலற்றது, அவனருளால் தேய்ந்து வலியொடுங்குவது. உயிர் படைக்கப்பட்டதன்று, அதனைப் பற்றிய மலமும் படைக்கப்பட்டதன்று. ஆதலின் தீமையைப் படைத்தான் என்னும் பழி பதியைச் சாராது. அவன் படைத்தது நோயை அன்று. நோய் தீர்தற்குரிய உடலையும் உலகையுமே படைத்தான். தீமையின் தோற்றம் பற்றிய வினாவிற்குச் சித்தாந்தம் கூறும் விடை இவ்வாறு தருக்க நெறிக்கு முற்றும் இயைந்ததாகும்.

இனி, வினையைப் பற்றிக் கூறுமிடத்து நூல்கள் அறக்கருணை, மறக்கருணை என்னும் இரண்டினையும் விதந்தோதும். நன்மை செய்வார்க்கு இன்பம் அளித்தல் அறக்கருணை. தீமை செய்வாரை ஒறுத்துத் திருத்துதல் மறக்கருணை. தந்தை மகனை அடித்தலும், மருத்துவன் புண்ணை அறுத்தலும் அன்பின் வழியவே ஆதல் போல, இறைவன் வினைப்பயனை ஊட்டுதலும் அருளேயாம். ஈதே வினைக்கொள்கையின் உயிர்நிலை. கிறித்தவர் சாற்றும் குற்றத்திற்கு இடந்தருவதும் இவ்விடமே. இறைவன் ஒறுக்கின்றான் எனின், ஒறுக்கப்படுவானுக்கு யான் ஏன் உதவுதல் வேண்டும் என்னும் வினா எழுகின்றதன்றோ?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தமிழ்மக்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று வழங்குவர். பல இலக்கம் மக்கள் பசியாலும் பேதியாலும் மாண்டனர். மதுரைச் சீமையும் திருநெல்வேலிச் சீமையும் அதற்குத் தப்பவில்லை. வீழ்ந்தோரைக் கண்டு, 'அவர் தலையெழுத்து' என்று கூறிக் கதவடைத்த சைவர் இலர் என்று துணிந்து கூற இயலாது. அக்காலத்தே திருநெல்வேலிச் சீமையிற் பல்லாயிரவர் கிறித்து சபையிற் சேர்ந்தனர். கஞ்சிக்காகச் சேர்ந்தனர் என்று அவரை இகழ்தல் எளிது. கஞ்சி வேறெங்கும் கிடைத்திருப்பின் அவர் அங்கே சென்றிரார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

மற்று, நெஞ்சு கல்லாதல் வினைக்கொள்கைக்கே உரியது என்பாரும் அப்பஞ்சத்தையே நோக்குதல் தகும். 1877-ஆம் ஆண்டில், செலவைச் சுருக்க வந்த அரசாங்கத்தின் ஆணையாளர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே போதும் என்று விதித்தார். உழைப்பவன் உயிர் தரித்தற்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வன்மையாக எதிர்த்தார். இருவரும் கிறித்தவ நாட்டினரே. அங்கே கல்லாக்கியது வினைக்கொள்கையன்று. வாணிகத்திற் குறுக்கிடலாகாது, பொக்கிஷம் குறையலாகாது என்னும் பொருளியற் கொள்கை. தனக்கு வாராத துன்பத்திற்குக் காரணங் கண்டு அமைதியுறுதல் மனிதனது ஆணவத்தின் இயல்பு. அதற்குக் கையிற் கிடைத்த கொள்கை எதுவாயினும் கருவியாகும்.

இவ்வியல்பைக் கிறித்தவ வேதமே கடிந்துரைக்கின்றது. யோபு என்னும் நல்லோன் மக்களையும் செல்வத்தையும் இழந்து புண்ணுற்றுச் சாம்பலில் அமர்ந்தபொழுது நண்பர் மூவர் வந்தனர். ஏழுநாள் வாய்பேசாது உடனிருந்தனர். பின்னர், 'நீ தீவினை செய்திருத்தல் வேண்டும்' என்று வாதிடத் தொடங்கினர். முடிவில் இறைவன் வெகுண்டது அந்நண்பர்மீதே. சீலோவாமிற் கோபுரம் வீழ்ந்து பதினெண்மர் இறந்தனர். அவர் ஏனையோரினும் பாவிகளோ என்று இயேசுநாதர் வினவி, அல்லர் என்றார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இது இவன் செய்த பாவமோ பெற்றோர் செய்த பாவமோ என்று வினவியபோதும், இரண்டுமன்று என்று விடுத்து அவனுக்குக் கண்ணளித்தார். சீடர் வினாவைக் கொண்டு மறுபிறப்பை நிலைநாட்டப் புகுவாரும் உளர். அவ்வாதத்தைக் காட்டினும், வினாவிற்கு விடை தேடாது கண்ணைக் கொடுத்த செயலே கருதத் தக்கது.

1934-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அத்திங்கள் 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுங்கால், அந்நிலநடுக்கம் தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த ஒறுப்பு என்று தாம் நம்புவதாகக் கூறினார். இரவீந்திரநாத தாகூர் அதனை மறுத்தெழுதினார். இயற்கையின் நிகழ்ச்சிக்குக் காரணம் இயற்கையிலேயே உளது. இத்தகைய வாதத்தை அடிகளை எதிர்ப்போரும் எடுத்துக்கொண்டு, அடிகளின் இயக்கமே இறைவன் சினத்திற்குக் காரணம் என்று கூறலாமே என்பது அவர் மறுப்பு. மறுப்பும் அடிகளின் விடையும் அவ்வாண்டு பெப்ருவரித் திங்களில் 'ஹரிஜன்' இதழில் வெளிவந்தன. அடிகள் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஆயினும் அவர், ஒறுப்பு என்று கூறிவிட்டு வாளா இருந்தாரல்லர். பீகார் மக்கட்குப் பொருள் வேண்டினார். மார்ச்சுத் திங்களில் அந்நாட்டிற்கே சென்றார். அவர் கூறிய காரணம் ஐயத்திற்கிடமானது. அவர் செய்த உதவி ஐயத்திற்கிடமற்றது.

2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோரைக் கொண்டது. கிறித்து பிறப்புத் திருநாளின் மறுநாள் அது. வேளாங்கண்ணிக்கு வழிபடச் சென்றோரும் கடற்கரைச் செம்படவரும் அவர்தம் குழவிகளும் ஒருங்கே மாண்டனர். அவருள் எவருடைய வினை எத்தகையது என்று அளந்து கூறவல்லார் யார்? வினை உண்டு என்பது சித்தாந்தத் துணிபு. இன்னானுக்கு இன்ன வினை என்று அறிதல் முற்றறிவுடைய சிவபெருமான் ஒருவனுக்கே இயலும். உண்மையை அறிதல் வேறு, அளவை அறிதல் வேறு. முன்னையதைக் கற்ற மாத்திரையாற் பின்னையதும் கைவந்ததாகக் கருதுவோன் யோபுவின் நண்பர் நிரையில் ஒருவனாவான்.

இது கிறித்தவரிடத்துக் கற்றுக்கொள்ள வேண்டிய புதுக்கருத்தும் அன்று. திருஞானசம்பந்த சுவாமிகள் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது பனிக்காலத்து நளிர்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றியது. அந்நாட்டிற்கு அது இயல்பே. சுவாமிகள் அதனை இயல்பென்று விடுத்தாரில்லை. அடியார் வினையென்றும் அமைந்தாரில்லை. திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்து அந்நோயைப் போக்கினார். இத்துன்பம் அந்த வினையின் பயன் என்று மட்டும் கூறிக்கொண்டு, அதனினின்றும் உய்யும் நெறியை நாடாதிருத்தல் இழிவு என்பதே அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து. வினைக்கொள்கையைச் சோம்பர்க்கும் வன்னெஞ்சிற்கும் போர்வையாகக் கொள்வோரைச் சைவத்தின் தலைமை ஆசாரியரே கடிந்துவிட்டார்.

அப்பதிகம் ஆணையிட்டு உரைப்பது திருநீலகண்டத்தின்மீது என்பதும் நினைதற்குரியது. பாற்கடலில் ஆலகாலம் எழுந்தது அமரரது அமுத வேட்கையினால். அவர் ஓடிவந்து அடைந்தபொழுது, 'இந்நஞ்சு நும் ஆசையின் பயன். நுகர்மின்' என்று பெருமான் கூறினானல்லன். ஏந்தி உண்டான். மதுரையில் வையை பெருகியபொழுது, கிழவி வந்தியின் பங்கைக் கூலியாளாய்ச் சுமந்து, பாண்டியன் பிரம்படியையும் தன் மேனியில் ஏற்றான். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. துன்பத்திற்குக் காரணம் நன்கறிந்தவன் அவனே. அவனே காரணங் கூறாது சுமந்தான் எனின், காரணம் அறியாதவர் காரணங் கூறிச் சுமை தவிர்த்தல் எங்ஙனம் பொருந்தும்? இறைவன் துன்பத்தில் தலையிட்டுச் சுமந்தமையைப் போற்றும் கிறித்தவ அன்பர்க்கும் சைவர்க்கும் நெஞ்சு நெருங்கும் இடம் இதுவாகும்.

திருவீழிமிழலையிற் பஞ்சம் நேர்ந்தபொழுது அப்பரும் சம்பந்தரும் நாடோறும் பெருமான்பாற் பொற்காசு பெற்று அடியார்க்கு அமுதூட்டினர். பாலவனத்தத்தைப் போலவே வறண்ட சீமையிலுள்ள இளையான்குடியில், மாறனார் மழைபொழி நள்ளிரவில் வந்த அடியார்க்காக அன்று விதைத்த முளைநெல்லை வாரிவந்தார். கூரை வரிச்சை விறகாக்கினார். மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் குத்திய பகைவனையும் திருவேடத்தின் பொருட்டு ஊறின்றி ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். இவர்கள் யாவரும் வினைக்கொள்கையை ஐயுற்றவரல்லர்.

ஈண்டு ஒரு தடை எழலாம். ஒருவன் நுகரவேண்டிய வினையைப் பிறன் இடையே புகுந்து தணிப்பின், அது இறைவனது ஒறுத்தலுக்கு இடையூறாகாதோ எனின், கூறுதும்: வினை மூன்று வகை. ஈட்டி வைத்தது சஞ்சிதம். நுகர வந்தது பிராரத்தம். நுகருங்கால் மேலும் ஈட்டுவது ஆகாமியம். கிணற்றில் வீழ்ந்தவன் வீழ்ந்தது பிராரத்தமாயின், கயிறு எறிவான் ஒருவன் அவ்வழி வந்ததும் பிராரத்தமேயாம். வீழ்ச்சியை ஊட்டியவனே கயிற்றையும் கூட்டினான். வழிவந்தோன் கயிற்றை எறியாது, 'இவன் வினை இது' என்று நடப்பானாயின், வீழ்ந்தவன் வினையை அவன் காத்தவனாகான். தனக்கு ஆகாமியம் ஈட்டினவனாவான். இறைவனது நீதிக்கு மனிதனது கொடுமை துணையாக வேண்டுவதில்லை. ஆதலின் மறக்கருணை இறைவனுக்கே உரியது. மக்கட்கு விதித்தது அறக்கருணையே.

இதனை வாழ்க்கையிற் காட்டியவருள் ஒருவர் ஆறுமுக நாவலர் (1822–1879). பேர்சிவல் பாதிரியார்க்குக் கிறித்தவ வேதத்தைத் தமிழாக்குவதில் துணைநின்றவர் அவர். அந்நூலை நன்கறிந்தமையால், 1854-ஆம் ஆண்டிற் சைவ தூஷண பரிகாரம் எழுதி அச்சமயத்தாரை மறுத்தவரும் அவரே. அத்தகைய வாதியார், தாது வருஷத்தை அடுத்து யாழ்ப்பாணத்திலும் பஞ்சம் வந்தபொழுது, கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகட்கு உணவளித்தார். வடலூரில் 1867-ஆம் ஆண்டிலேயே இராமலிங்க சுவாமிகள் தருமசாலை அமைத்திருந்தார். அருட்பா பற்றி அவ்விருவரும் எத்துணை மாறுபட்டனர் என்பது யாவரும் அறிந்தது. நூலில் மாறுபட்டோர் கஞ்சியில் ஒன்றுபட்டனர்.

எனினும் சமயங்கள் இரண்டும் தத்தம் குறையை மறைத்தல் அறமன்று. 1897-ஆம் ஆண்டிற் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுட் புகுந்து வழிபட்ட நாடார் குலத்தார்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கௌன்சிலும் அவர்க்கு வாயிலை மறுத்தது. ஆணவம் எல்லா உயிர்க்கும் ஒப்ப உண்டு என்று ஓதியவர், ஆலயத்தின் வாயிலில் உயிர்களைப் பிரித்தனர். 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் யாவரும் புகுந்தபின்னரே அப்பழி தீரத் தொடங்கியது. கிறித்தவரிடத்தும், திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் இரு குலத்தாரைப் பிரித்துத் தடுப்புச் சுவர் நெடுங்காலம் நின்றது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அஃது இடிக்கப்பட்டது. கொள்கையால் வேறுபட்ட இருவரிடத்தும் சுவர் ஒன்றாகவே இருந்தது. அதனை எழுப்பியது இருவர்க்கும் பொதுவாகிய ஆணவம் என்பதன்றி வேறென் கூறுவது?

ஆகவே நாடோறும் வரும் தீமையின்கண் சைவ நன்மக்கள் கைக்கொள்ளற்பாலது இது. துன்பம் தமக்கு வந்தவழி, 'என் வினை' என்க. அது பிறரை நோவாமையையும், பொறையையும், இறைவனைப் பழியாமையையும் தரும். துன்பம் பிறர்க்கு வந்தவழி, 'என் கடன்' என்க. அது இரக்கத்தையும் செயலையும் தரும். முன்னையதைப் பிறர்மீது ஏற்றிப் பின்னையதை மறத்தலே வினைக்கொள்கைக்கு நேர்ந்த பழி. மருந்தைத் தான் உண்ணாது அயலான் முகத்தில் எறிவான் ஒருவன் இருப்பின், குற்றம் மருந்தினுடையதன்று.

தீமை செய்தவன்மாட்டும் இந்நெறியே. மடையை இரவில் திறந்தவனை ஊரார் முன் நிறுத்தி நீரைப் பகிரச் செய்தல் முறையே. முறை செய்யாது விடுதல் இரக்கமன்று. ஆயினும் அவனை மூடிய இருள் தம்மையும் மூடியுள்ளது என்றும், வேறொரு நாள் வேறொரு மடையில் தம் கையும் இருந்திருக்கலாம் என்றும் எண்ணுவோர் தண்டத்தின் அளவு மீறார். மழை நல்லோர்மேலும் தீயோர்மேலும் ஒப்பப் பெய்கின்றது என்று இயேசுநாதர் கூறினார். நல்லார் ஒருவர் பொருட்டு யாவர்க்கும் பெய்யும் என்று தமிழ் மூதாட்டி கூறினார். கரிசற்காட்டு வேளாளனுக்கு இரண்டும் ஒரு பொருளனவே. பெய்த மழை எவன் வயலையும் வினவுவதில்லை.

தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்குச் சித்தாந்தம் நல்கும் விடை திட்பமுடையது; அதனைச் சைவர் எவ்விடத்தும் அஞ்சாது நிலைநாட்டலாம். ஆயின் பசித்தவன் வாயிலில் நிற்கும்பொழுது அவ்விடையை உரைத்தற்குரிய காலம் அதுவன்று. முதற்கண் கலத்தில் அன்னம் இடுக. திருநீலகண்டன் நஞ்சினை உண்டதும் அவ்வொழுங்கினாலேயாம்.

சிவஞானம் பொலிக.

திருச்சிற்றம்பலம்.